காயல் பயணத்துக்கு ஒரு சம்மதப் பத்திரம்

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் டீச்சராகப் போய்ச் சேர்ந்தபோது காயலையும் பார்த்ததில்லை, கடலையும் பார்த்ததில்லை. எங்கள் ஊர் கோயமுத்தூர் ஜில்லாவில் மீனாட்சிபுரத்துக்குப் பக்கம். அங்கே காலையில் எழுந்தால் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்பதுதான் பேச்சு. அப்படிப்பட்ட ஊர்க்காரி, கல்யாணம்கூட ஆகாத வயதில், ஒரு வகுப்புப் பிள்ளைகளை மொத்தமாகப் படகில் ஏற்றிக்கொண்டு வேம்பநாட்டுக் காயலைக் கடந்தேன். எழுபதுகளின் நடுவில் நடந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்துவிட்டேன். ஆனாலும் டீச்சராக இருந்து என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் முதலில் இதுதான் என் வாயில் வரும்.

ஆரம்பித்து வைத்தவன் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். போக்குவரத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் பஸ், ரயில், படகு எல்லாம் படமாக இருந்தன. பையன் எழுந்து, "டீச்சர், படகுக்கு பிரேக்கு உண்டா?" என்று கேட்டான். வகுப்பே என்னைப் பார்த்தது. எனக்குத் தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேனுங்க" என்றேன். பிள்ளைகளிடமும் என் வாயில் அந்த 'ங்க' ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அவர்கள் எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் மலையேறி வந்த குடும்பங்கள். என் கோயமுத்தூர்ப் பேச்சு அவர்களுக்கு வேடிக்கை. முதுகுக்குப் பின்னால் எனக்கு 'ஏனுங்க டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எங்கள் ஹெட்மாஸ்டர் மலையாளி, காயல் கரையில் பிறந்து வளர்ந்தவர். அவரிடம் போய்ப் படகுக்கு பிரேக் உண்டா என்று கேட்டேன். சிரிசிரி என்று சிரித்தார். "டீச்சர்கூட போட்டில் ஏறியதில்லையா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்க" என்றார். கோட்டயத்தில் சர்க்கார் படகு ஏறினால் ஆலப்புழைக்குப் போகலாம். அங்கே கடல் இருக்கிறது. இரவு தங்க அவருக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நான் அதை விடவில்லை. அந்தப் பிள்ளைகள் பார்த்த பெரிய தண்ணீர் பாக்டரிக்குக் கீழே ஓடும் ஓடைதான். அதில் முழங்கால் நனையும்.

பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகக் கல்வி ஆபீசின் அனுமதி வேண்டும். அதற்கு ஒவ்வொரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ எழுதிக் கொடுக்க வேண்டும். ஹெட்மாஸ்டர் பழைய பீரோவிலிருந்து மலையாளத்தில் ஒரு சம்மதப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். எஸ்டேட்டில் யாருக்கும் மலையாளம் வாசிக்க வராது. ஆகவே நான் அதைத் தமிழில் எழுதி, கார்பன் வைத்துப் பிரதி எடுத்தேன். என் பிள்ளையை இந்தப் பயணத்துக்கு மனப்பூர்வமாக அனுப்புகிறேன் என்று தொடங்கும். வழியிலோ தண்ணீரிலோ ஏதாவது ஆபத்து நேர்ந்தால் பள்ளிக்கூடமோ ஆசிரியரோ பொறுப்பல்ல, அதைக் குறித்து நான் எந்தப் புகாரும் செய்யமாட்டேன் என்று முடியும். மொழிபெயர்த்தபோது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. காகிதம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் லயத்துக்குத் திரும்புகிற நேரத்தில் மைப்பெட்டியும் காகிதமுமாகப் போனேன். லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். முதல் லயத்தில் வேலை சீக்கிரம் முடிந்தது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஒவ்வொருத்தியும் வந்து பெருவிரலை நீட்டினாள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஆபீசிலிருந்து காகிதம் வந்தால் விரல் நீட்ட வேண்டும் என்பது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

இரண்டாவது லயத்தில் கடைசி வீட்டுக்காரி மட்டும் விரலை நீட்டவில்லை. அவளுடைய மகள் என் வகுப்பில் முன்பெஞ்சில் உட்காருகிறவள். "வாசிச்சுக் காட்டுங்க டீச்சர்" என்றாள். வாசித்தேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே கேட்டாள்.

"அந்தக் கடைசிய இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தேன்.

"எம் புள்ளைக்கு என்னமும் ஆச்சுன்னா யாரும் பொறுப்பு இல்லைன்னு நானே கைநாட்டு வைக்கணுமா?"

"அது சும்மா வழக்கமா எழுதறதுங்க அக்கா. ஒண்ணும் ஆகாதுங்க."

"சும்மான்னா அத எதுக்கு எழுதுதீங்க?"

வாசற்படியில் அவளுடைய புருசன் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன. பாக்டரியில் இலை உருட்டும் ரோலர் நடுவிலிருந்த மூன்று விரல்களையும் கொண்டுபோயிருந்தது. அவள் அந்தக் கையைக் காட்டினாள்.

"இவுக ஆஸ்பத்திரியில கெடந்தப்போ ஒரு காயிதம் கொண்டாந்தாக. சும்மா வழக்கமா எழுதுறதுன்னுதான் அன்னைக்கும் சொன்னாக. நான் வச்சேன். பெறகுதான் தெரிஞ்சது, இவுக கவனமில்லாம கைய விட்டாகன்னு அதுல எழுதியிருக்குன்னு. நான் உங்கள அவுகளோட சேக்கல டீச்சர். ஆனா இதுல வைக்கமாட்டேன். எம் புள்ளைய அனுப்புதேன், சந்தோசமா அனுப்புதேன். அந்த வரியில வைக்கமாட்டேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. உள்ளே மகள் தேம்பித் தேம்பி அழுவது கேட்டது. "நீ சும்மா இரு. நீ போகத்தான் போற" என்று அவளையும் அதே குரலில் அடக்கினாள்.

மறுநாள் மலையில் கொழுந்து கிள்ளும்போது இந்தப் பேச்சு வரிசை வரிசையாகப் பரவிவிட்டது. சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் ஒரு கூட்டம். முதல் நாள் கைநாட்டு வைத்த பெண்கள் எல்லாம் தங்கள் காகிதத்தைத் திருப்பிக் கேட்டு நின்றார்கள். "எங்களுக்கும் வாசிச்சுக் காட்டுங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி. ஒவ்வொருத்திக்கும் வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் ஒவ்வொருத்தியும் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். என் கையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஹெட்மாஸ்டருக்குக் கோபம். "டீச்சரே, இது வேண்டாத்த வேலை. அவர்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால் போக வேண்டாம். தண்ணீர் காரியம். நாளைக்கு ஏதாவது ஆனால் ஆரு சமாதானம் சொல்லும்?"

அவர் கெட்டவர் இல்லை. பயந்தார். எனக்கும் பயம்தான். ஆனால் அன்று ராத்திரி படுத்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பிள்ளையைத் தண்ணீருக்குக் கூட்டிப் போகிறவள் நான். நான் பொறுப்பில்லை என்றால் வேறு யார் பொறுப்பு? அந்த அக்கா கேட்டது இவ்வளவுதான். இதைக் கேட்கிற தாய் ஒருத்தி என் வகுப்பில் இருக்கிறாள் என்று நினைக்க எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை பஸ் ஏறிக் கல்வி ஆபீசுக்குப் போனேன். அதிகாரி ஒரு அம்மா, வயதானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசுகிறவர். அந்தக் கடைசி வரி இல்லாமல் சம்மதப் பத்திரம் எழுதலாமா என்று கேட்டேன். அவர் பழைய காகிதத்தை வாங்கிப் பார்த்தார். இதைச் சட்டம் ஒன்றும் கேட்கவில்லை. எவரோ எப்போதோ எழுதியதை எல்லோரும் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். "பெற்றவர் சம்மதம் வேண்டும். கூட்டிப் போகிறவர் யார் என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான்" என்றார்.

"அப்படீன்னா பொறுப்பு நானுங்க அப்படீன்னு எழுதலாங்களா?"

கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "எழுதலாம். எழுதிவிட்டால் பிறகு ஓட முடியாது, தெரியுமா?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"ஓடமாட்டேனுங்க" என்று தமிழில் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதினேன். மூன்றே வாக்கியம். இந்தப் பிள்ளையை என் கையில் வாங்கிக்கொண்டு போகிறேன். வழியிலும் தண்ணீரிலும் தங்குமிடத்திலும் இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு. திருப்பிக் கொண்டுவந்து பெற்றவர் கையில் ஒப்படைப்பேன். அதற்குக் கீழே என் கையெழுத்து. அதற்கும் கீழேதான் பெற்றவர் வைக்க வேண்டிய இடம்: வாசிக்கக் கேட்டேன், சம்மதம்.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டரின் மேசையில் வைத்தேன். அவர் முதல் காகிதத்தை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் பேனாவைத் திறந்து என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். பிறகு அடுத்ததை எடுத்தார். கட்டு முழுவதற்கும் போட்டார். முடிந்ததும், "ஒற்றைக்கு வேண்டாம், டீச்சர்" என்றார். தனியாகச் சுமக்க வேண்டாம் என்று அர்த்தம். அந்த ஆளை நான் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன்.

பிரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள் எடுக்கிற மைதானத்தில், வேலை முடிந்து எல்லோரும் கூடியிருக்கும்போது உரக்க வாசித்தேன். வாசித்து முடித்ததும் கூட்டம் அந்தக் கடைசி வீட்டுக்காரியைத்தான் பார்த்தது. அவள் முன்னால் வந்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர். ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு நீஞ்சத் தெரியுமா?"

"தெரியாதுங்க அக்கா."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. திரும்பிப் புருசனைப் பார்த்தாள். "இவுகளுக்குத் தெரியும். தாமிரவருணிக் கரையில பொறந்தவுக. கூடக் கூட்டிட்டுப் போங்க."

"என்னையவா? நாத்துப் பண்ணைக் காவலுக்கு யாரு போவா?" என்றார் அவர்.

"லீவு கேளுங்க. புள்ளைகளுக்கு மேலயா நாத்து?"

அவர் தலையைச் சொறிந்தார். சரி என்றார். அவள் வந்து முதல் ஆளாகப் பெருவிரலை மையில் தொட்டு, ஆற அமர அழுத்தி வைத்தாள். பின்னால் வரிசை நின்றது. அன்றைக்கு ஒவ்வொருத்தியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டே வைத்தாள். இருட்டுகிறவரை ஒரே மூன்று வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். தொண்டை கட்டிக்கொண்டது. சலிக்கவில்லை.

மழை விட்ட மாதமாகப் பார்த்துக் கிளம்பினோம். குட்டிக்கானம் தாண்டி முண்டக்கயம் இறக்கத்தில் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். கண்டக்டர் முகத்தைச் சுளித்தார். விரல் போன அந்த அண்ணன் இடது கையால் ஒவ்வொரு தலையாக ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு வந்தார். கோட்டயம் ஜெட்டியில் படகைப் பார்த்ததும் எல்லா மயக்கமும் போய்விட்டது. பிரேக்கைப் பற்றிக் கேட்ட பையன் நேராகப் படகோட்டியிடம் போய் நின்றான். ஸ்ராங்கு என்று அவரைக் கூப்பிடுவார்கள். பிரேக்கு எங்கே என்று கேட்டான். ஸ்ராங்கு அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, முன்னால் போகிற படகை என்ஜினைப் பின்பக்கமாகச் சுற்றவைத்துத்தான் நிறுத்த வேண்டும், அதற்குக் கீழே இருக்கும் என்ஜின்காரருக்கு மணி அடிப்பேன் என்று அடித்துக் காட்டினார். பையனுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் என்னிடம் ஓடிவந்து, "டீச்சர், பிரேக்கு கெடையாது!" என்று படகு முழுவதும் கேட்கும்படி கத்தினான்.

கால்வாய் வழியாகப் போகும்போது இரண்டு பக்கமும் தென்னையும் வீடும் கையெட்டும் தூரத்தில் வந்தன. ஒரு பெண் படியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அவளுக்குக் கை காட்டினார்கள், அவள் சாம்பல் கையாலேயே திருப்பிக் காட்டினாள். பிறகு கால்வாய் முடிந்து காயல் திறந்தது. அவ்வளவு தண்ணீரை நானும் அப்போதுதான் பார்க்கிறேன். அதை முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காயலின் நடுவில் படகு ஒரு உதறு உதறி நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்று ஒரு நீர்ப்பாசி அந்தப் பக்கத்துத் தண்ணீரையெல்லாம் மூடிக்கொண்டிருந்தது. பச்சைப் பாய் விரித்ததுபோல மிதக்கும். அது அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்டது. என்ஜின் சத்தம் அடங்கியதும் காற்றின் சத்தம் கேட்டது. காற்று படகை மெல்லத் திருப்பியது. என்ன ஆயிற்று என்று பார்க்கப் பெரியவர்கள் எழுந்து ஒரே பக்கமாகப் போனார்கள். படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒரு கூடை உருண்டது. பிள்ளைகள் வீறிட்டார்கள்.

நான் யோசிக்கவில்லை. பெஞ்சின் மேல் ஏறி நின்று, எங்கள் ஊரில் வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற குரலில் கத்தினேன். "ஏனுங்க! பூராப் பேரும் உக்கோருங்க! ஆரும் நிக்கப்படாது! நடுவுல வந்து உக்கோருங்க!"

படகில் பெரும்பாலும் மலையாளிகள். வேட்டி மடித்துக் கட்டிய பெரிய மனிதர்கள், சந்தைக்குப் போகிற பெண்கள், ஒரு பாதிரியார். நான் சொன்னதில் ஒரு வார்த்தை புரிந்திருக்குமோ என்னவோ. ஆனால் அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். படகு நிமிர்ந்தது. ஸ்ராங்கு தன் இடத்திலிருந்து எட்டிப் பார்த்து எனக்குத் தலையாட்டினார்.

அந்த அண்ணன் அதற்குள் சட்டையைக் கழற்றி வேட்டியை இறுக்கிக்கொண்டு விளிம்பில் போய் உட்கார்ந்துவிட்டார். "டீச்சர், நீங்க உள்ள பாருங்க, நான் வெளிய பாக்கேன்" என்றார். பிள்ளைகளை நடுவில் நெருக்கி உட்காரவைத்து ஒருவர் கையை ஒருவர் பிடிக்கச் சொன்னேன். படகுக்காரர் ஒருவர் பின்பக்கம் தொங்கிக்கொண்டு கத்தியால் பாசியை அறுத்து அறுத்து எறிந்தார். நேரம் போய்க்கொண்டேயிருந்தது. ஒரு சிறுமி மெல்ல அழத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவள் அந்தக் கடைசி வீட்டுக்காரியின் மகள். அவள் அழுகிறவளைத் தட்டி, அம்மாவின் அதே குரலில் சொன்னாள்: "ஏட்டி, எதுக்கு அழுத? டீச்சர் எங்கம்மாகிட்ட எழுதிக் குடுத்துருக்காக. ஒண்ணும் ஆகாது."

என் மூன்று வாக்கியத்தை அந்தப் பிள்ளை அப்படியே நம்பி உட்கார்ந்திருந்தாள். இப்படி நம்பப்படுகிற இடத்தில் நான் இருக்கிறேன் என்று தோன்றியதும் பயம் எங்கேயோ போய்விட்டது. குனிந்து அவளிடம், "ஆமாங்க அம்மணி, ஒண்ணும் ஆகாது" என்றேன். சொன்னது பொய்யாகத் தோன்றவில்லை.

என்ஜின் இருமி, பிறகு பிடித்துக்கொண்டது. படகு முழுவதும் கைதட்டியது. அந்தப் பாதிரியார் தன் பையிலிருந்து பழம் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, "நனையாமலே வந்துட்டேன்" என்று கொஞ்சம் ஏமாற்றமாகச் சொன்னார். கடைசியில் ஆலப்புழைக் கடலில் மறுநாள் காலை போய்க் குளித்துத் தன் ஆசையைத் தீர்த்துக்கொண்டார். கரையிலிருந்து பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அலைக்கு மேலே அந்தக் கை எழுந்து எழுந்து விழுந்தது. அவ்வளவு லாவகமாக ஒரு மனிதர் நீந்தி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அவருடைய மகள் யாரிடமும் எதுவும் சொல்லாமல், எங்கப்பாவைப் பாருங்கள் என்கிறதுபோல எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

திரும்பி வந்த பஸ் எஸ்டேட் வளைவில் எங்களை இறக்கிவிட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. கொழுந்தை எடைபோட்ட கையோடு தாய்மார்கள் சாலையில் நின்றிருந்தார்கள். பிள்ளைகள் இறங்கி ஓடப் பார்த்தார்கள். நான் விடவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் கையாகப் பிடித்து, ஒவ்வொரு தாயின் கையில் கொடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை. அவரவர் முறை வரும்வரை நின்று வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்ததும் அந்த அக்கா என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். காயலில் படகு பகல் முழுவதும் நின்றதாகவும், டீச்சர் போட்ட சத்தத்தில் காற்றே நின்றுபோனதாகவும் மகள் கதை அளந்தாள். "நெசந்தான்" என்று அப்பா சாட்சி சொன்னார்.

"அடுத்த வருசம் நாங்களும் வாரோம் டீச்சர்" என்றாள் அக்கா.

சாப்பாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த வருடம் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்து, விடுமுறையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றார்கள். ஹெட்மாஸ்டர், பாவம், பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்: "இவர்களுக்கு ஆருடைய சம்மதம் வாங்க வேண்டும்? புருசன்மாருடையதா?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அவுக எதுக்கு எழுதணும்? வேணும்னா நாங்க எழுதிக் குடுக்கோம் சார், பத்திரமாத் திரும்பி வந்து சோறு ஆக்குவோம்னு."

ஒன்றும் எழுதாமலே போனோம். கோட்டயம் ஜெட்டியில் அவர்கள் வரிசையாகப் படகில் ஏறியபோது, காயலை முன்பே பார்த்தவள் என்ற தோரணையில் நான் முன்னால் நின்று ஒவ்வொருத்திக்கும் கை கொடுத்து ஏற்றிவிட்டேன்.